துவைக்கிற கல்லின் நடுமையம் வரை

பெங்களூரில் நிலம் அளக்கிற சர்வேயர்களுக்குப் பழைய தமிழ்ப் பத்திரங்களைப் படித்துச் சொல்வது என் தொழில். படித்தால் மட்டும் போதாது. எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்றும் சொல்ல வேண்டும். எழுதியவர் பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருப்பார். அந்த வகையில் எனக்கும் ஆவிகளோடு பேசுகிறவர்களுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. அவர்களுக்கு ஊரில் மரியாதை கொஞ்சம் கூடுதல்.

கண்டோன்மென்ட்டைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் பலவற்றுக்குத் தமிழில்தான் மூலப்பத்திரம். வாங்கியவரின் பேரன் வீட்டில் தமிழ் பேசுவான், படிக்க வராது. சர்வேயர் கன்னடக்காரர், தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வக்கீலின் மாடியில், ஆடுகிற மேஜை ஒன்றுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். ஒரு காலத்தில் இலக்கியம் படித்து உருப்படாமல் போனவனுக்கு இது மோசமான இடமில்லை.

பத்திரத்தில் சக்குபந்தி என்று ஒரு பகுதி வரும். நான்கு பக்கத்திலும் என்ன இருக்கிறது என்பதை எழுதி, அதற்கு நடுவில் இருப்பது உன்னுடையது என்று சொல்கிற இடம். 'கிழக்கே எருமை கட்டுகிற இடம்' என்று இருக்கும். 'தெற்கே தற்சமயம் வெளியூர் போயிருக்கிறவர் வீடு' என்று இருக்கும். அடுத்த முறை விற்கும்போது பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். அதற்கடுத்த முறையும் அப்படியே. எருமை செத்து, அது நின்ற இடத்தில் பல் டாக்டர் ஒருவர் கிளினிக் வைத்த பிறகும் பத்திரத்தில் எருமையை அவிழ்த்துவிட யாருக்கும் மனம் வராது. வெளியூர் போனவரும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.

அளக்கிறவர்களிடம் ஒரு முறை உண்டு. பத்திரத்தில் உள்ள அடிக்கணக்கும் சக்குபந்தியும் ஒத்துப்போகாவிட்டால் சக்குபந்தியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். எண்ணை எழுதும்போது கை தவறலாம், மதிலும் மரமும் கிணறும் அப்படித் தவறாது என்ற நம்பிக்கை. அந்த மரமே இல்லாமல் போயிருந்தால், அது நின்ற இடத்தைக் கண்ணால் பார்த்த ஆள் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று தேடுவார்கள். அந்த ஆள் கை நீட்டிய இடத்தில் முளை அடிக்கப்படும்.

இந்த வேலையில் எனக்கு நெடுநாள் பழக்கமான சர்வேயர் ஒருவர். கோலார் பக்கத்துக்காரர், என் வயதுதான். கண்ணாடி போட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லோருமே அவருக்கு மேஷ்ட்ரு, அதாவது வாத்தியார். என்னையும் மேஷ்ட்ரே என்றுதான் கூப்பிடுவார். என் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். மோசமான பத்திரம் கிடைத்தால் வேறொருவர் மாம்பழம் கொண்டு வருகிற மாதிரி எடுத்துக்கொண்டு வருவார். இருவரும் டீ குடித்துக்கொண்டே எழுதியவனைத் திட்டுவோம். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை மறைப்பதற்கில்லை. செத்தவர்களின் வாக்கிய அமைப்பைக் குறை சொல்வது ஆபத்தில்லாத விமர்சனம்.

ஒரு நாள் காலை பிளாஸ்டிக் உறையோடு வந்து உட்கார்ந்தார்.

"மேஷ்ட்ரே, இன்னிக்கி ஒரு நல்ல ஐட்டம் தந்திருக்கேன். பத்ரா கன்னடத்துலதான் இருக்கு. ஆனா எழுதினவன் தமிழ்ல யோசிச்சிருக்கான். கேளுங்க."

அவர் கன்னடத்தில் படிக்க ஆரம்பித்தார். ஈஜிபுராவில் ஒரு வீடு. அக்காளுக்கும் தம்பிக்கும் பாகப் பிரிவினை. வீட்டுக்குள் நடுச்சுவர் எல்லை. பின்கட்டின் எல்லைக்கு வந்தவுடன் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நடுச்சுவர் முடியற எடத்துலேர்ந்து துணி தொவைக்கற கல்லோட நடு சென்டர் வரைக்கும். அங்கேர்ந்து நேரா பின் காம்பவுண்டு வரைக்கும். முடிஞ்சிது. அடி இல்ல, அங்குலம் இல்ல. அப்பறம் கேளுங்க, ரெண்டு பேரும் மனசு ஒத்து அனுபவிக்கணுமாம். அதை நான் எந்த மிஷின்ல அளக்கறது?"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"யாரோ கவி எழுதியிருக்கான் மேஷ்ட்ரே. சிக்கினா அந்தக் கல்லு மேலயே போட்டு அவனைத் தொவைக்கணும்."

"அந்தக் கவி நான்தான்" என்றேன்.

அவர் நான் வழக்கம்போல ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு பத்திரத்தில் பங்கை விட்டுக்கொடுத்தவர் என்று இருந்த மூன்றாவது பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உறையை மூடினார். ஒருவரை நேருக்கு நேர் திட்டிவிட்டால் பேச்சை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க."

"திட்டினது சரிதான்."

"இல்ல மேஷ்ட்ரே, ஒரு விதத்துல நல்லதாச்சு. கல்லு எங்க இருந்திச்சி, மரம் எங்க இருந்திச்சின்னு ஊர் பூரா கெழவங்களைத் தேடி அலையறோம். இங்க எழுதினவரே உசிரோட இருக்காரு. என் சர்வீஸ்ல இது மொதல் தடவை." அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. "வெள்ளிக்கிழமை அளக்கறேன். நீங்க வந்து அந்தக் கல்லு இருந்த எடத்தைக் காட்டுங்க, போதும்."

வருகிறேன் என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை.

அப்பா போன பிறகு எழுதிய பத்திரம் அது. அவர் வாங்கும்போது ஈஜிபுராவின் அந்தப் பக்கமெல்லாம் ராகி வயல். மனையில் நீளமாக ஒரு வீடு கட்டியிருந்தார். பிள்ளைகள் மூன்று பேர்: அக்கா, அண்ணன், கடைசியில் நான். அக்கா ஓசூர் ரோட்டில் ஒரு துணி ஆலையில் நாளெல்லாம் நின்றுகொண்டு சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை செய்தாள். கணவர் சீக்கிரமே இறந்துவிட, குழந்தையும் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். எனக்கு ஹெப்பகோடியில் ஃபிளாட் கிடைத்திருந்தது. அதனால் என் பங்கை விட்டுக்கொடுத்தேன். வடக்குப் பாதி அக்காவுக்கு, தெற்குப் பாதி அண்ணனுக்கு. விட்டுக்கொடுத்ததால் எனக்கு ஒரு பெரிய மனுஷ அந்தஸ்து வந்துவிட்டது. பத்திரத்தை நானே தமிழில் எழுதுகிறேன், பத்திர எழுத்தர் அதைக் கன்னடத்தில் மாற்றினால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அப்போதே இந்தத் தொழிலில் எட்டு வருஷ அனுபவம். அடிக்கணக்கு இல்லாத பத்திரம் என்ன ஆகும் என்பது தெரியும். எழுத்தரும் அதையே சொன்னார், டேப் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். பின்கட்டில் அதை அவர் நீட்டியபோது அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"கூடப் பொறந்ததுங்க நடுவுல அதை நீட்டாதீங்கப்பா. பொணத்துக்கு அளவெடுக்கற மாதிரி இருக்குது."

அண்ணன் உடனே, "வேணாம் சார், சுருட்டுங்க" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், படித்தவன், தொழில் தெரிந்தவன், பின்கட்டின் நடுவில் இருந்த துவைக்கிற கல்லைப் பார்த்தேன். அம்மா முப்பது வருஷம் எங்கள் துணிகளை அடித்துத் துவைத்த கருங்கல். இதைவிடப் பொருத்தமான எல்லை இரண்டு பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று தோன்றியது. அங்கேயே மனதுக்குள் வாக்கியம் உருவாகிவிட்டது. முடிவில், 'உடன்பிறந்தார் இருவரும் இதுவரை எவ்வண்ணம் மனமொத்து அனுபவித்து வந்தார்களோ அவ்வண்ணமே அனுபவித்து வரக் கடவர்' என்று ஒரு வரி. அந்தக் 'கடவர்' பற்றி எனக்கு ஒரு வாரம் பெருமை இருந்தது. கன்னடத்தில் அதற்கு ஈடாக ஒரு சொல்லைப் போட வைக்க எழுத்தரோடு அரைமணி நேரம் சண்டை போட்டேன். இத்தனை அடி என்று எண்ணில் எழுத அரை விநாடி ஆகியிருக்கும்.

அம்மா போன மறு வருஷம் அக்காவின் முழங்கால்கள் இரண்டும் போயின. பழைய கழிப்பறை பின்கட்டின் கோடியில், அண்ணன் பக்கத்தில், மூன்று படி ஏறிப் போகிற மாதிரி இருந்தது. குத்துக்காலிட்டு உட்காரவும் அவளால் முடியவில்லை. அவள் சமையலறையை ஒட்டி, நாற்காலி மாதிரி உட்காருகிற பீங்கானோடு ஒரு பாத்ரூம் கட்டலாம் என்று முடிவானது. இடம்தான் போதவில்லை. துவைக்கிற கல் குறுக்கே இருந்தது.

அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கல்லைத் தள்ளிடலாங்க்கா. நான் என்ன அங்க கோட்டையா கட்டப் போறேன்" என்றான். இரண்டு மேஸ்திரிகள், ஒரு கடப்பாரை, அதைப் பிடித்து நெம்ப அண்ணன். கல்லை மூன்றரை அடி தெற்கே அவன் பக்கம் தள்ளிப் போட்டார்கள். நானும் அங்கே இருந்தேன். இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம், என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். கல் முன்பு இருந்த இடத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் பாத்ரூம் எழும்பியது. அன்றைக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அண்ணி போண்டா போட்டிருந்தாள். போண்டா சூடாக இருந்தது.

அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகு அண்ணியும் அக்காவும் அந்த வீட்டில் ஆளுக்கொரு பாதியில் தனியாக இருந்தார்கள். தனி என்று சொன்னாலும் ஒரே சமையல்தான். அக்கா காலால் நடக்க முடியாதவள், அண்ணி கண் மங்கிப்போனவள். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு மனுஷியின் வேலை நடந்தது. அப்புறம் அண்ணியின் பார்வை இன்னும் மோசமாகி, கோயம்புத்தூரில் இருக்கும் மகள், இனிமேல் விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தெற்குப் பாதியை விற்க வேண்டியதாயிற்று. வாங்க வந்தவர் அதை இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர். குறுகலான இடம், ஒவ்வொரு அடியும் அவருக்கு முக்கியம். அதற்காகத்தான் சர்வேயரை அனுப்பினார். பத்திரத்தை எழுதிய நாளில் கல் எங்கே இருந்ததோ அங்கேதான் எல்லை. அந்தக் கோடு அக்காவின் பாத்ரூமை இரண்டாக வெட்டும். இப்போது கல் இருக்கிற இடத்தை எல்லையாகக் காட்டினால் பாத்ரூம் தப்பும், அண்ணியின் பாதியில் அவர் நினைத்த கட்டடம் நிற்காது, விற்பனை நின்றுபோகும்.

வியாழக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கி அளக்க வர்றாங்களாமே" என்றாள்.

"ஆமாக்கா."

"கல்லு எங்க இருந்திச்சின்னு ஒன்னைத்தான் கேப்பாங்களாம். அவதான் சொன்னா." அண்ணியைத்தான் சொன்னாள்.

"ஆமா."

"இப்ப இருக்கற எடத்துலதான் எப்பவும் இருந்திச்சின்னு சொல்லிடேன்."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"பாதி பாத்ரூமை வெச்சிக்கினு நான் என்னடா பண்றது? கல்யாணம் பண்ணிக்கினு போன வூடும் நெலைக்கல. இதுல இருந்து செத்துடலாம்னு இருக்கேன். வேற எங்கயும் நான் போவ மாட்டேன்."

"அண்ணிக்குத் தெரியுமேக்கா. அவங்க பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாங்க."

"அவ வாயைத் தொறக்க மாட்டா."

"அதான் கஷ்டம்."

"என்னடா கஷ்டம் ஒனக்கு? ஊர்ல செத்தவனுக்கெல்லாம் வாய் குடுத்துக்கினு ஒக்காந்திருக்கற. உசிரோட இருக்கறவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வரலையா?"

"பாத்துக்கலாம்" என்றேன்.

இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எந்த அர்த்தமும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் அதற்கு அவரவர் விரும்பிய அர்த்தம் உண்டு. அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். தட்டில் இரண்டு இட்லி கூடுதலாக வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை சர்வேயர் தனியாகவே வந்தார். முக்காலியை நடுச்சுவர் முடிகிற இடத்தில் நிறுத்தி அதன் மேல் கருவியைப் பொருத்தினார். அண்ணி அவள் பக்கத்து வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அவளுக்கு நிழலாகத்தான் தெரியும். நான் பக்கத்தில் போனதும் குரலை வைத்துக் கண்டுகொண்டாள்.

"தம்பி, நீங்க எங்க நிக்கறீங்களோ அதான் எல்லை. நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. அவரு இருந்தாலும் ஒங்களைத்தான் கேட்டிருப்பாரு."

அவள் என்னோடு சண்டை போட்டிருக்கலாம். கல்லைத் தள்ளினது எல்லோருக்கும் தெரியும், ஏமாற்றப் பார்க்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எதிர்த்துப் பேசுகிற உற்சாகத்திலேயே நான் இப்போதைய கல்லின் மேல் ஏறி நின்றிருப்பேன்.

அக்கா சமையலறை வாசலில் இருந்தாள். சர்வேயர் என் கையில் ஒரு நீளக் கோலைக் கொடுத்தார். உச்சியில் கண்ணாடி பதித்த கோல். அது நிற்கிற இடத்தைக் கருவி குறித்துக்கொள்ளும்.

"மேஷ்ட்ரே, கல்லு நடு சென்டர்ல நேரா பிடிச்சிக்கினு நில்லுங்க. நீங்க நின்னதும் நான் ரீடிங் எடுத்துக்கறேன். வேற யாரையும் கேக்கறதா இல்ல."

நான் முதலில் போய் நின்றது இப்போதைய கல்லின் பக்கத்தில்தான். கல்லின் மேல் அண்ணியின் சோப்புத் துண்டு ஒன்று காய்ந்து கிடந்தது. சர்வேயர் குனிந்து கருவியில் கண்ணை வைத்தார். அக்கா என்னைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லப் போகிறவனைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

"நின்னாச்சா மேஷ்ட்ரே?"

"இருங்க" என்றேன்.

ஏன் நகர்ந்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் நான் நேர்மையைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை. நிலையைப் பிடித்திருந்த அண்ணியின் கையில் வளையல் இல்லாததைப் பார்த்தேன். கடப்பாரையைப் போட்டு நெம்பின அண்ணன் முதுகு நினைவுக்கு வந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் தெரியாது. கோலைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் பக்கம் நடந்தேன்.

கதவைத் திறந்தேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"செருப்பைக் கழட்டிட்டுப் போடா. இப்பதான் கழுவி விட்டேன்."

கழற்றினேன். உள்ளே ஈரமாக இருந்தது, பினாயில் வாசனை. அக்கா பிடித்து எழுந்திருப்பதற்காகச் சுவரில் ஒரு இரும்புக் கம்பி பதித்திருந்தார்கள். அதையும் அண்ணன்தான் பதித்தான். பீங்கானுக்கும் வாளிக்கும் நடுவில் கோலை ஊன்றி, ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கதவை இன்னும் நல்லா தெறங்க மேஷ்ட்ரே, கண்ணாடி தெரியல." அப்புறம், "ஷ்யூரா?" என்றார்.

"ஷ்யூர்."

என் எழுத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாக நான் அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் வந்து தரையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டார். எழுந்தவர் கம்பியைப் பார்த்தார், பீங்கானைப் பார்த்தார். இருபது வருஷமாக மற்றவர்கள் வீட்டுக்குள் கோடு போடுகிறவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இது யாரு உபயோகிக்கறாங்க?"

"அக்கா."

அவர் தலையைக் குனிந்துகொண்டு பெயிண்ட் டப்பாவை மூடினார். மூடியைத் திருகுவதற்கு அத்தனை நேரம் தேவையில்லை.

அக்கா அழவில்லை, திட்டவில்லை. "அவரைக் காப்பி குடிச்சிட்டுப் போவச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவருக்கும் அண்ணிக்கும் காப்பி வந்தது. எனக்கும் வந்தது, சர்க்கரை சரியாக இருந்தது.

அண்ணி தன்னால் ஆனதைச் செய்தாள். வாங்குகிறவரிடம், அந்தச் சின்ன இடத்தை மட்டும் அக்கா இருக்கிற வரை விட்டுவைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் கெட்டவரில்லை. வரைபடத்தைக் கொண்டுவந்து அங்கேதான் தூண் வருகிறது என்று காட்டினார். அண்ணி அந்தக் காகிதத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அப்படியானால் நான் விற்கவே இல்லை என்று அக்காவிடம் வந்து சொன்னாள். அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"கண்ணு தெரியாம இங்க கெடந்து என்ன பண்ணுவ? போம்மா, பொண்ணு கூட்டுக்கினு போறேங்குது. எல்லாருக்குமா அந்தக் குடுப்பினை இருக்குது?"

மேஸ்திரி ஒருவரை நான் கூட்டிப் போனேன். அக்காவின் பாதிக்குள்ளேயே வேறு இடத்தில் பாத்ரூம் கட்ட முடியுமா என்று பார்த்தார். மிச்சமிருக்கும் சந்து இரண்டடி. வீட்டுக்குள் கட்டினால் சமையலறையை விட வேண்டும். "ஒண்ணு சமைக்கலாம், இல்ல குளிக்கலாம். ரெண்டுக்கும் எடமில்ல சார்" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதில் தெளிவில்லாத சொல் ஒன்றுகூட இல்லை.

பாத்ரூம் இடிக்கிற நாள் வரை அக்கா அந்தச் சிவப்புக் குறியின் மேல் கால் வைத்துத்தான் அதைப் பயன்படுத்தினாள். பினாயில் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. அண்ணி கோயம்புத்தூர் போன மறு வாரம் இடித்தார்கள். ஹெப்பகோடிக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். மாட்டேன் என்றாள். பக்கத்து வீட்டில் நல்லவர்கள், அங்கே போய்விட்டு வருகிறேன், எனக்கென்ன குறை என்றாள். நாலு நாளைக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். குடத்தில் தண்ணீர் அப்படியே இருக்கும். வெயில் இல்லையே, தாகம் எடுக்கலை என்பாள். பக்கத்து வீட்டுப் படி நாலு ஏற வேண்டும், அவர்கள் வீட்டில் விருந்தாளி வந்திருப்பார்கள், இன்னொருவர் கதவை எத்தனை தடவைதான் தட்டுவது. அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறாள் என்பது, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து டாக்டர் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் எழுதாமல் விட்டதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவன் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஹெப்பகோடிக்குக் கூட்டி வந்தேன். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். என் மனைவி அறையை ஒழித்துக் கொடுத்தாள், கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டாள். லிஃப்ட் இருக்கிறது, படி ஏற வேண்டியதில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் நல்லா இருக்குது, நல்லா இருக்குது என்றாள். என்னோடு பேசாமல் இல்லை. கத்திரிக்காய் விலை, கீழ் ஃபிளாட்காரரின் நாய், எல்லாம் பேசுகிறாள். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஈஜிபுரா வீட்டின் வடக்குப் பாதி பூட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் கட்டடம் இரண்டு மாடி எழும்பிவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, "அப்படியா" என்றாள்.

காலையில் நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அறையிலிருந்து வருவாள். பாத்ரூம் கதவு திறந்துதான் இருக்கும், உள்ளே யாரும் இல்லை என்பது தெரியும். ஆனாலும் அங்கே நின்று கேட்பாள்.

"யாராச்சும் போவணுமா? நான் போவட்டுமா?"

முதல் வாரம், போங்க்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவியும் சொன்னாள். நாளாக ஆகப் பழகிவிடும் என்று இருவரும் நினைத்தோம். பழகவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் நின்று கேட்கிறாள். ஆளே இல்லாவிட்டாலும் காலியான கூடத்தைப் பார்த்துக் கேட்கிறாள் என்று மனைவி சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்தேன்.

"எதுக்குக்கா தெனம் கேக்கறீங்க? இது ஒங்க வூடு."

அவள் தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை. ஜுரத்தில் கிடக்கிற தம்பியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"எழுதிக் கிழுதிக் குடுத்துடாதடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.